ஆட்டைத் திவசத்தன்று நின்றுபோன கார்ட்

போன வருடம் மாசி மாதம், வெம்பிளியில் நடந்தது. மனைவி இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெர்மனியை விட்டு லண்டன் வந்து பதினைந்து வருடமாகியும் சாப்பிடக் கூப்பிட எனக்கென்று ஒருவரும் இல்லை. குற்றம் என்னுடையதுதான், நான் அப்படியொரு முசுடு. சமைத்துப் படைத்துவிட்டுத் தனியே சாப்பிடுவோம் என்று காலையில் தமிழ்க் கடைக்குப் போனேன்.

வாழையிலை, வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய் எல்லாம் எடுத்தாயிற்று. கார்ட்டைத் தட்டினால் மெஷின் ஏற்கவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதே கதை. வெளியே காசு எடுக்கும் மெஷினும் செத்துக் கிடந்தது. அந்த நாட்களில் செய்தி முழுக்க அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரிச் சண்டை. இங்கே நாம் தட்டுகிற கார்ட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கம்பனிகளின் கையில்தானே. “அவங்கள் நிப்பாட்டிப் போட்டாங்கள் போல,” என்றார் கடைக்காரர். அது வெறும் லைன் கோளாறு என்று பின்னேரம்தான் தெரிந்தது.

என் பையில் ஒரு பென்ஸ்கூட இல்லை. “தடை கண்ட சனம் நாங்கள், கையில காசு இருக்கோணும்” என்று மனைவி அரிசி வாளிக்குள் நோட்டுகளை ஒளித்து வைப்பாள். யுத்த நேரம் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் வராமல் மறித்த காலத்தை அவள் மறக்கவேயில்லை. நான் நக்கலடிப்பேன். அவள் போன கையோடு அவ்வளவையும் பாங்கில் போட்ட புத்திசாலி நான். கடைக்காரரிடம் பிறகு தருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. முந்தின கிழமைதான் முருங்கைக்காய் முற்றல் என்று அவரோடு சண்டை பிடித்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் படைக்க வேண்டும். அவளுக்காக இந்த ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே. கூடையை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் நர்ஸ் உடுப்பில் நின்ற ஒரு பெண் இருபது பவுண் நோட்டை நீட்டினாள். பிச்சை வேண்டாம் என்று சீறினேன். அவள் கோபிக்கவில்லை. இலையைப் பார்த்துவிட்டு, மலேசியத் தமிழில், “யாருக்குண்ணே படையல்?” என்று கேட்டாள்.

“மனிசிக்கு,” என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு, “சாப்பிட வாங்கோ தங்கச்சி. வேற ஒருத்தரும் வரமாட்டினம்,” என்றேன். நைட் ஷிப்ட் முடிந்த களைப்போடும் அவள் வந்தாள். கத்தரிக்காய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மனைவியைப் பற்றி ஒவ்வொன்றாய்க் கேட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் மனைவியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

கார்ட் மட்டும் வேலை செய்திருந்தால், அன்றும் ஒரு மனிதரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பியிருப்பேன் என்று நினைக்க இப்போதும் பயமாயிருக்கிறது.