நாலு பேர் வந்த கூட்டம்

அந்த அம்மா மேடையேறும் முன் செருப்பைக் கழற்றிப் படியோரம் ஒதுக்கி வைத்தார். எதிரே நூற்றைம்பது நாற்காலிகள். நான்கில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள்.

அப்போது நான் திருத்தணியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். வாசகர் வட்டத்தின் செயலாளர். அந்த அம்மா அரக்கோணம் பக்கம் ரயில்வே கேட் காத்து ஓய்வு பெற்றவர். வீடு தேடிப் போய் அவரைப் பேச அழைத்தவன் நான்தான். "எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல நைனா" என்று தயங்கியவரிடம், அரங்கம் நிரம்பி வழியும் என்றேன்.

ஏன் நிரம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நாளைக்கு ஐந்து முறை செய்தி போடுவேன். முந்தைய மாதக் கூட்டத்துக்கு ஒரு சினிமா இயக்குநர் வரக்கூடும் என்று எழுதியிருந்தேன். அவரை நாங்கள் அழைக்கவே இல்லை. நம்பி வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். அதன்பின் என் செய்தியை யாரும் திறப்பதில்லை. அப்போதும் நான் அடங்கவில்லை. கல்லூரி வாசலில் ஒட்டிய சுவரொட்டியில் அந்த அம்மாவை 'ரயிலைக் கவிழாமல் காத்த வீராங்கனை' ஆக்கினேன்.

கூட்டத்துக்கு வந்தபோது அதை நின்று படித்த அந்த அம்மா, "நான் அப்டி ஒண்ணும் செய்யலியேப்பா" என்றார்.

"சும்மா ஒரு விளம்பரத்துக்குங்கம்மா" என்றேன்.

காலி நாற்காலிகளைப் பார்த்தபோது, "இன்னிக்கு பரீட்சைங்கம்மா, அதான்" என்று பொய்யும் சொன்னேன். "ஆங், பரீட்சதான முக்கியம்" என்று எழுதி வந்த தாளைப் பிரித்தார். கேட்டை மூடினால் திட்டுவார்கள், திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தொடங்கினார். முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தவில்லை. அதைவிட நல்ல பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை.

பஸ் ஏற்றிவிட அழைத்துப் போகும்போது, கேன்டீன் வாசலில் என் வகுப்பே டீ குடித்துக்கொண்டிருந்தது. பார்த்தார். பஸ் படியில் கால் வைத்த பிறகு திரும்பி, "நாலு பேர்தான் வருவாங்கன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் நைனா" என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் ஆசிரியர். மாணவர்கள் கொண்டுவரும் அழைப்பிதழில் 'மாபெரும்' என்ற சொல்லை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். சார் ரொம்ப நேர்மை என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வாரம் இருமுறை அரக்கோணத்தில் ரயில் மாறுகிறேன். அவர் வீடு ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். இன்னும் போகவில்லை.