கட்டம் போட்ட கணக்கு

மாலை நாலே காலுக்கு, ஏழாவது படிக்கும் என் மகள் இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று பையை வீசினாள். பரீட்சையில் வந்த கணக்கு இது: மல்லிகையில் மூன்றில் ஒரு பங்கு விற்றது, மீதி நாற்பது கிலோ, மொத்தம் எவ்வளவு? வீட்டில் நான் சொல்லிக்கொடுத்தபடி பட்டை வரைந்து, மூன்று கட்டமாகப் பிரித்து, அறுபது என்று சரியாகவே எழுதியிருந்தாள். கணக்கு வாத்தியார் சைபர் போட்டிருந்தார்.

மறுநாள் நானே போனேன். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தவர், பேசும்போதெல்லாம் சிவப்புப் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

“கட்டம் போடுறதெல்லாம் கணக்காம்மா? எக்ஸ்னு வச்சுப் போடச் சொல்லுங்க.”

“அவளுக்குக் கட்டம்தான் சார் புரியுது. நீங்க எத்தன சைபர் போட்டாலும் அப்படிச் சொல்லிக் குடுக்கறத நிறுத்தமாட்டேன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் வாசலில் அவரே நின்றார், தன் மகளின் கையைப் பிடித்தபடி.

“இவளுக்கும் எக்ஸ் ஏறலம்மா. கட்டம் போட்டுச் சொல்லிக் குடுங்க. பரீட்சையில போட்டா மட்டும் இவளுக்கும் மார்க் கெடையாது.”