சாயம் ஏறிய ஏலக்காய்

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் சிவசங்கரிக்கு வேலை. தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவள். விவசாயிகளும் கம்பெனியும் முறைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. விஷமில்லாத ஏலக்காய் வேண்டுமென்று வெளிநாட்டில் கேட்டபோது, பூச்சிமருந்தே அடிக்காத புது முறைக்குச் சிலரை இணங்க வைத்தவளும் அவள்தான்.

மருந்தில்லாததால் முதல் அறுவடையில் காய் தோலெல்லாம் சொறி பிடித்து வந்தது. தோட்டக்காரர் சூசையப்பன் கத்தினார்.

“ஏ தாயி, இத எவன் வாங்குவான்?”

“மணம் கெடலயேண்ணே. கம்பெனி எடுக்கும், பேசிட்டேன்.”

அந்தப் பேச்சை நம்பி அடுத்த தடவையும் அவர் மருந்தடிக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் சிவசங்கரி குடோனுக்குப் போனாள். வெளியில் வாங்கிய, மருந்தடித்த வெளிறிய காய்களைச் சாயத்தில் முக்கித் தார்ப்பாயில் காயப்போட்டிருந்தார்கள். கீழே பச்சைத் தண்ணீர் பிசுபிசுத்து ஓடியது. உலர்ந்தவற்றை ‘விஷமில்லாதது’ என்று அச்சடித்த பைகளில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் சூசையப்பன் படம், பல் தெரியச் சிரித்தபடி. அதை எடுத்தவளே அவள்தான்.

“என்ன சார் இது?”

மேனேஜர் ஜோபி அசரவில்லை. “கஸ்டமருக்குப் பச்சை வேணும் மேடம். எல்லாரும் செய்யறதல்லே?”

“அண்ணன் காய் எங்க?”

“அந்தச் சொறிக்காயா? பழைய ஸ்டாக்கில கலந்து வடக்கே விட்டாச்சு. நமக்கு அவரு போட்டோ போதும்.”

அன்றே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள், வேலையை விட்டாள், நேரே தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எம் மூஞ்சிய ஒட்டியா சாயக்காய விக்கானுவ? த்தூ!” என்று துப்பினார் சூசையப்பன். வெகுநேரம் அவள் முகத்தையே அவர் பார்க்கவில்லை.

பாலக்காட்டில் மசாலா அரைத்து டீக்கடைகளுக்குக் கொடுக்கும் சைனுதீனை, அந்தச் சொறிக்காயை விற்க அவளே தேடிப் போனாள்.

“அரைக்கறதுக்கு நெறம் எதுக்குங்க? மணம் இருந்தாப் போதும்” என்றார் அவர். “ஆனா சாயம் தட்டுப்பட்டா அன்னிக்கே தீந்துச்சுங்க.”

“சரிங்க பாய். நீங்க எதக் கலக்குறீங்கன்னு நாங்களும் வந்து பாப்போம்.”

அவர் முகம் சுருங்கியது. பிறகு, “வாங்க” என்றார்.

சிலர் மருந்துக்கே திரும்பிவிட்டார்கள். சூசையப்பன் திரும்பவில்லை. முதல் லோடோடு லாரியில் அவரே பாலக்காடு போனார். கடைசி மூட்டை அரைபடும்வரை, தும்மித் தும்மிக் கண் சிவந்தும், மில்லை விட்டு நகரவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டதற்கும் தலையாட்டி மறுத்தார்.