மற்றவர்கள்: ஏழரைக்கு மேல்

கல்லைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பேச வேண்டும் என்பது முதல் விதி. உள்ளங்கையில் அடங்கும் கருங்கல் உருண்டை அது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார்கள். யாரும் யாரையும் சுட்டிப் பேசக் கூடாது என்பது இரண்டாவது. ‘நீங்கள் இப்படிச் செய்தீர்கள்’ என்று சொல்லாமல் ‘எனக்கு இப்படி இருந்தது’ என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது, வட்டத்தில் பேசியது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இவற்றை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன், ஏனெனில் அந்த மூன்று நாளும் குறிப்பெடுத்தவள் நான். மூன்றாவது விதியை இப்போது மீறுகிறேன்.

இளைஞர்களிடையே அமைதியையும் பண்பாட்டுப் புரிதலையும் வளர்க்கும் பயிலரங்கு என்று அழைப்பிதழில் இருந்தது. கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றின் கூடத்தில் நடந்தது. செங்கல்பட்டில் நான் படிக்கும் கல்லூரியிலிருந்து சிலர், கடலோரக் குப்பங்களிலிருந்து சிலர், பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவர் சிலர், வெளிநாட்டு மாணவர்கள் மூவர். என்னைக் குறிப்பெடுக்க அனுப்பியதற்குப் பேராசிரியர் இரண்டு காரணங்கள் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். நான் குறுக்கே பேச மாட்டேன். இரண்டும் உண்மை. இரண்டுக்காகவும் பிறகு வெட்கப்பட்டேன்.

அந்த வட்டத்தில் திருப்போரூரில் எங்கள் ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் இருந்தோம் என்பது நடத்துநர்களுக்குத் தெரியாது. ஒருத்தி நான். இன்னொருவர் எங்கள் எதிர் வீட்டு அண்ணன். மனைப்பிரிவு விற்பவர்களிடம் வேலை பார்க்கிறார், தெரு இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர், அந்தப் பெயரில்தான் அழைக்கப்பட்டிருந்தார். மூன்றாவது, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எங்கள் தெருக்கோடியில் வரிசை அறைகளில் ஒன்றில் இன்னும் ஐந்து பெண்களோடு தங்கி, கேளம்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போய் வருகிறாள். அண்ணன் என்னைப் பார்த்ததும், “இன்னா டீச்சர், நீயும் வந்துக்கீறியா?” என்றார். என் கையெழுத்துக்காக அவர் எனக்கு வைத்த பெயர் அது. அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் முற்பகல் கல் அவளிடம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் தானாகக் கற்றுக்கொண்ட தமிழில் பேசினாள். தங்கியிருக்கும் அறையின் ஆழ்துளைக் கிணறு கோடையில் உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் அரிசி வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஆறு மணிக்கு வருகிறது, ஏழேகாலுக்கு நின்றுவிடுகிறது. தங்களுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் ஏழரை.

அவ்வளவுதான் சொன்னாள். எந்தத் தெரு, யார் ஒதுக்கினார்கள் என்பதைச் சொல்ல விதி இடம் தரவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது உங்கள் மனம் எப்படி இருந்தது என்று நடத்துநர் அம்மையார் கனிவாகக் கேட்டார்.

“மனசு தெரில மேடம். நாலு நாள் குளிக்கல. சூப்பர்வைசர் லிஃப்ட்ல வராதன்னு சொன்னாரு. பன்னெண்டு மாடி படியில ஏறினேன்.”

வெளிநாட்டு மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் அரை நிமிடம் மௌனமாக இருந்தோம். அமைதிக்கு அங்கே நேரம் குறித்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு யாராவது தண்ணீர் தருவார்களா என்ற கேள்விக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை.

இரண்டு பேர் தாண்டிக் கல் அண்ணனிடம் போனது. அவர் பேசியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் தன் அப்பா வேலை தேடி வெளியூர் போய்ப் பட்ட பாட்டைச் சொன்னார். வந்தவர்களை வெளியாட்களாகப் பார்த்தது தன் தவறு என்றார். குரல் உடைந்தது. நடிப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. என் கோபத்துக்கு அதுவே முதற் காரணம். அவர் உண்மையாகவே அழுதார். பிறகு எழுந்து போய், பயிலரங்கில் எல்லோருக்கும் கொடுத்திருந்த வண்ணக் கயிற்றைத் தன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து அவளிடம் நீட்டினார். “இனிமே நீ என் தங்கச்சிம்மா,” என்றார். கூடம் கைதட்டியது. படம் எடுத்தார்கள். அவளும் சிரித்தாள், தன் கயிற்றை அவருக்குத் தந்தாள்.

அந்தச் சிரிப்பை நான் நம்பிக்கை என்று புரிந்துகொண்டேன். அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழாயின் முறை அட்டவணையை எழுதியவள் நான். கோடையில் தண்ணீர் நேரம் குறைந்தபோது தெருவில் தினமும் சண்டை. மன்றத்தார் கூடிப் பேசி ஒரு முறை வகுத்தார்கள். ஏழு வீடுகள், வீட்டுக்குப் பத்து நிமிடம், பிறகு தெரு அம்மன் கோயிலுக்கு ஐந்து நிமிடம். எழுதித் தரச் சொல்லி அண்ணன் வெள்ளை அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, நேரத்தைச் சிவப்பிலும் வீட்டு எண்ணைக் கறுப்பிலும் எழுதினேன். கடைசி வரிக்கு, “ஹிந்திக்காரங்க ஏழரைக்கு மேலன்னு போட்டுடு” என்றார். ஏழேகாலுக்கே நின்றுவிடுகிறதே என்று கேட்டேன். “நீ எழுதும்மா, பார்த்துக்கலாம்,” என்றார். ஒடிசாக்காரர்களை ஹிந்திக்காரர்கள் என்று எழுதுவது பிழை என்றும், பலர் படிக்கும் இடத்தில் மரியாதை இல்லாத சொல் என்றும் எனக்குத் தோன்றியது. ஆகவே ‘மற்றவர்கள்’ என்று திருத்தி எழுதினேன். சொல்லைத் திருத்தினேன், நேரத்தைத் திருத்தவில்லை. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் குழாயடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். எங்கள் வீட்டு முறை இரண்டாவது, ஆறு பத்து. நானே குடம் பிடிப்பேன்.

மதிய உணவின்போது அம்மையாரைத் தனியே அழைத்து, அவள் சொன்ன தெரு எது, அவளும் அவரும் யார், அட்டவணையை எழுதியது யார் என்று முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த அண்ணனுக்குள் நடந்திருக்கும் மாற்றம் மிகப் பெரியது, அதை நம்ப வேண்டும், வெளியே இருக்கும் விவகாரங்களை உள்ளே கொண்டுவந்தால் வட்டம் உடைந்துவிடும் என்றார். எனக்குக் கோபம் இருப்பது தெரிகிறது என்றும், நாளைக் காலை அமர்வில் கல்லைப் பிடித்துக்கொண்டு அதைப் பகிர்ந்தால் மனம் இலேசாகும் என்றும் சொன்னார். பிறகு, காலையில் நடந்த அந்தக் கயிறு மாற்றத்தை ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதித் தர முடியுமா, நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

மறுநாள் காலை கல் என்னிடம் வந்தபோது அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். என்னை இலேசாக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை குழாயடிக்குப் போனேன். எங்கள் முறை முடிந்தும் திரும்பாமல் நின்றேன். அட்டவணை நான் மாட்டக் கொடுத்தபடியே இருந்தது. ஏழு மணிக்கு அவள் பெயிண்ட் வாளிகள் இரண்டோடு வந்து சுவரோரம் நின்றாள். மணிக்கட்டில் அந்தக் கயிறு. பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்த அண்ணன் அவளைக் கண்டதும் முகம் மலர, “இன்னா தங்கச்சி, நாஸ்தா ஆச்சா?” என்று கேட்டார். அவர் கையிலும் கயிறு இருந்தது. அவள் தலையாட்டினாள். கோயில் குடம் நிறைந்தது. ஏழேகாலுக்குக் குழாய் இருமிவிட்டு நின்றது. அவள் காலி வாளிகளோடு இன்னும் சிறிது நேரம் நின்றாள்.

நான் அண்ணனிடம் போய், மூன்று நாளுக்கு முன் பேசியது என்ன என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

“அது வேற, இது வேறம்மா. அங்க பேசக் கூப்ட்டாங்கோ, மனசார பேசினேன். இங்க தண்ணி. ஏழு வூட்டுக்கே பத்தாம கீது. நானா மாத்த முடியும்?”

மன்றத்தின் செயலாளர் நீங்கள்தானே என்றேன்.

“அட போ டீச்சர். பேஜாரு பண்ணாத.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுவரை நோக்கித் திரும்பி அட்டையில் கை வைத்தேன். உறையின் ஒரு மூலை கிழிந்து வந்தபோது பின்னாலிருந்து அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

“அக்கா, வேணாம். ரூம் ஓனருக்குத் தெரிஞ்சா எங்கள காலி பண்ணிடுவாரு. ஆறு பேரு.”

கையை எடுத்தேன். கயிறு வாங்கிய அன்று என்ன நினைத்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தான் வட்டத்தில் சொன்னது அண்ணன் காதில் விழுந்துவிட்டது, இனித் திங்கட்கிழமை தண்ணீர் வரும் என்று நினைத்ததாகச் சொன்னாள். அதற்காகத்தான் மூன்று நாள் சம்பளத்தை விட்டு வந்தாளாம்.

அம்மையார் கேட்ட பக்கத்தை எழுதி அனுப்பினேன். கயிற்றைப் பற்றி ஒரு வரி, அட்டவணை முழுவதும், திங்கட்கிழமை குழாய் நின்ற நேரம், எழுதியவள் நான் என்ற குறிப்பு. அச்சில் வந்த அறிக்கையில் படம் மட்டும் இருந்தது. அடியில் மூன்று வரிகள், என்னுடையவை அல்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமையே ஆறு பத்துக்கு எங்கள் முறையில் அவளுடைய வாளிகளை முதலில் வைத்தேன். முந்தின மாலையே சொல்லி வரவழைத்திருந்தேன். அம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நம் வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஐந்து குடத்தில் இரண்டு குறையும் என்றேன். “உன் துணிய நீ உப்புத் தண்ணியில தொவச்சிக்கோ,” என்றார் அம்மா. அப்படியே செய்கிறேன். நுரைக்கவில்லை என்று அவள் சொன்னது சரி.

இரண்டு வாரம் இது நடந்தது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் புதிய அட்டையும் பேனாக்களும் எடுத்துக்கொண்டு வந்தார். பழையது வெயிலில் வெளுத்துவிட்டது, மூலையும் கிழிந்திருக்கிறது, உன் கையெழுத்துதான் எல்லோருக்கும் புரியும் என்றார். எழுதுகிறேன், கடைசி வரியில் ஆறரை என்று போடுவேன் என்றேன். “டீச்சருக்குக் கோவம்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வேறு யாரோ எழுதினார்கள். கோடுகள் கோணல், எண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. கடைசி வரி மாறவில்லை; என்னுடைய அந்த மரியாதையான சொல்லைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள். மாறியது ஒன்றுதான். எங்கள் வீடு இரண்டாவதிலிருந்து ஏழாவதுக்குப் போயிருந்தது. ஏழு மணி. அந்த நேரத்தில் தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் விழும்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எங்கள் வீட்டை ஏன் ஏழாவதுக்குத் தள்ளினீர்கள் என்று தெருவே கேட்கும்படி அண்ணனின் அம்மாவிடம் சண்டை போட்டார். அந்தச் சண்டை எங்கள் வீட்டுக்காக மட்டுமே. அந்தப் பெண்களைப் பற்றி அம்மா ஒரு சொல் சொல்லவில்லை.

இப்போது ஏழு மணிக்கு நாங்களும் அவர்களும் அதே சுவரோரம் நிற்கிறோம். பத்து நிமிடத்தில் மூன்று பாத்திரம் நிறையும். முதலில் அவள் வாளியை வைக்கிறேன், பிறகு எங்கள் குடம், பிறகு நேரம் இருந்தால் அவளுடைய இரண்டாவது வாளி. அவள் கயிற்றைக் கழற்றிவிட்டாள். அண்ணன் இன்னும் கட்டியிருக்கிறார்; போகும்போதும் வரும்போதும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.