அப்பாவின் மூளை நிரப்பிய இடம்

பக்கவாதம் வந்த பிறகு அப்பா புழுகத் தொடங்கினார். அப்படித்தான் நான் நினைத்தேன். கட்டிலை விட்டு எழும்ப முடியாத மனிசன், காலையில் பரந்தன் சந்தைக்குப் போய் விரால் மீன் வாங்கி வந்ததாகச் சொல்வார். "பொய்க்கும் ஒரு அளவு வேணும் அப்பா!" என்று ஒருநாள் கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் ஒன்றும் விளங்காமல் முழித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வரும்.

வவுனியாவில் டொக்டர்தான் அந்தச் சொல்லைச் சொன்னார். அப்பா 'கொன்ஃபாபியுலேற்' பண்ணுகிறாராம். மூளை வைத்தியர்கள் மட்டும் புழங்கும் சொல்.

"பொய் எண்டால் தெரிஞ்சு சொல்லோணும், தங்கச்சி. இவருக்குத் தெரியாது. ஞாபகம் விட்டுப்போன இடத்தை மூளை தானாய் ஒரு கதையால நிரப்புது. அவருக்கு அது நடந்ததுதான்."

அம்மாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "டொக்டர் சொன்ன வருத்தம்" என்பார். அப்பா யானையைக் கலைத்த கதையைத் தொடங்கினால் நாங்கள் இருவரும் சிரிப்போம்.

ஒரு மத்தியானம் அம்மா சோறு தீத்திக்கொண்டிருக்க, அப்பா சொன்னார்: "பெடியனை நான்தான் மண்ணுக்குள்ள தாட்டனான். என்ர பச்சைச் சாரத்தாலதான் சுத்தினனான். வேற துணி இல்லை."

பெடியன் என்றால் என் அண்ணா. கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அந்தப் படத்துக்கு மாலை போட ஒருவரையும் விட்டதில்லை. மாதாமாதம் அவருடைய நட்சத்திரத்தில் தண்ணீரூற்றுக் கோயிலில் அர்ச்சனை செய்விப்பார்.

"அது டொக்டர் சொன்ன வருத்தம், அம்மா," என்றேன் அவசரமாக.

"ஓம்," என்றார். அடுத்த வாய்ச் சோற்றையும் தீத்தினார்.

பின்னேரம் அம்மா குசினியில் வைத்துச் சொன்னார். "பெடியன் காணாமல் போன அண்டைக்கு இவர் பங்கருக்கு இடுப்பில துவாயோடதான் வந்தவர். சாரம் எங்கை எண்டு கேட்டனான். காயப்பட்ட ஆருக்கோ குடுத்தனான் எண்டார். நானும் நம்பினனான்."

சுகமாயிருந்த இத்தனை வருசமும் அந்த மனிசன் வாயைத் திறக்கவில்லை.

"டொக்டர் சொன்ன அந்தச் சொல்லை இன்னொருக்கால் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். திரும்பவும் கேட்டார். நாலைந்து தரம் சொல்லியிருப்பேன். கடைசியில் இருவரும் அடுப்படியில் இருந்து அழுதோம்.

அந்த மாதமும் அண்ணாவின் நட்சத்திரத்தன்று, அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா அப்பாவுடையதைச் சொன்னார், என்னுடையதைச் சொன்னார், நின்றுவிட்டார். அண்ணாவின் பெயரைச் சொல்ல நான் வாய் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம், பிள்ளை. அர்ச்சனை உயிரோட இருக்கிறவைக்கு."

வீட்டுக்கு வந்தால் அப்பாவின் முகமெல்லாம் சந்தோசம். "பெடியன் வந்து கனநேரம் இருந்தவன். தேத்தண்ணி குடிச்சிட்டு இப்பதான் போறான். வழியில காணேல்லையோ?"

அம்மா கோயில் திருநீற்றை அவர் நெற்றியில் பூசினார்.

"ஓம், கண்டனாங்கள்," என்றார். "நல்லாய் இருக்கிறான்."