முதல் வரியில் அரக்கன், கடைசி வரியில் அரிய உயிர்

இன்று உப்புக்குளம் தேத்தண்ணிக் கடையில் காசிம் காக்கா பத்திரிகையை உரக்க வாசித்தார்: "மன்னார்க் கடலில் மனிதரை விழுங்கும் அரக்கன்! வெள்ளைக்காரத் துரை அஞ்சாமல் சுட்டு வீழ்த்தினார்!"

கடை நடுங்கிய நடுக்கத்தில் மன்னார்த் தீவே ஒரு முழம் இந்தியாப் பக்கம் நகர்ந்தது.

மீன்பிடிக்கிற சவரிமுத்து சிரித்தான். "காக்கா, அது புல்லுத் தின்னுற கடற்பசு. என்ர வலையில சிக்கிக் கிடந்தது. வலையை அறுத்துப்போடும் எண்டு அவிழ்க்கப் போனன். அதுக்குள்ள துரை சுட்டுப்போட்டார்."

"பொறு தம்பி, இன்னும் கிடக்கு. 'இந்த அரிய உயிரினத்தைக் காக்க, மீனவர் அங்கே வலை வீசுவதைத் தடுக்க வேண்டும் என்கிறார் துரை.'"

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றது. "அப்ப என்ர பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?"

அரக்கன் செத்தவுடன் அரிய உயிராகிவிட்டான். சவரிமுத்துமீதும் பத்திரிகை இரங்க வேண்டுமானால், முதலில் அவன் துரையிடம் ஒரு குண்டு வாங்க வேண்டும் போலும்.

வேறு வழி தெரிந்த மகான்கள் சொல்லுங்கோ.