நான் கொடுக்காத நான்கு விவரங்கள்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நமுனுகுல மலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன் நான். மலைக்கு ஒரு முனி, பாலத்துக்கு ஒரு மோகினி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. அதற்கு மேல் நான் பிடித்த தொழிலோ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது. கம்ப்யூட்டர் நாம் எழுதியதைத்தான் செய்யும், தப்பு வந்தால் அது நம் தப்பு, அவ்வளவுதான் என்று மாணவர்களிடம் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன். ஒரே ஒரு நாளை மட்டும் அதற்குள் அடக்க முடியவில்லை. நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, என் மனைவியே நம்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பதுளையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்து, அங்கேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அடுத்த தோட்டத்தில், ஒரு டிவிஷன் ஆபீசில், பெரட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறார்கள், தோட்டத்தில் எந்தத் துண்டுக்கு, எங்கள் பேச்சில் எந்த மலைக்கு, போகிறார்கள் என்று பதிவது. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். மழை வந்து பாதியில் இறங்கினால் அரைப்பேர். பிள்ளைப்பேற்றுக்கு லீவில் நின்றாலும் சரி, வேலையை விட்டுப்போனாலும் சரி, பேரை வெட்டியாச்சு என்பார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு நாள் உழைப்பு என்பதே பேர்தான்.

புரோகிராமை இரண்டு பாகமாக எழுதினேன். ஆட்களின் விவரத்தைத் தேடி எடுக்கிற பாகம் சி மொழியில், மெசின் பாஷைக்கு மாற்றி இறுக்கிக் கட்டியது. திரையில் காட்டுகிற பாகம் ஸ்கிரிப்ட். அதை நினைத்த நேரத்தில் திருத்தலாம், திருத்தியது உடனே தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விவரங்களைக் கொடுப்பதுதான் தலைவலி. லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது இல்லையா, மேலே இருக்கிற இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக்குச் சாமான் கொடுப்பார்களே, அந்த மாதிரி. கொடுக்கிற கை வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் இத்தனை கொடுத்திருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நான்கு விவரம்: பேர், நம்பர், எந்த மலை, முழுசா அரையா. பேர் வெட்டியவர்களை அந்தப் பக்கம் கொடுக்கவே வேண்டாம் என்று எழுதியவனும் நான்தான். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு, திரை சுத்தமாக இருக்கும் என்று.

அன்றைக்கு நல்ல மழை. ஐப்பசி மாத மழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கப் போன முப்பத்தெட்டுப் பெண்களையும் மாரிமுத்துக் கங்காணி மத்தியானமே இறக்கிக் கூட்டிவந்துவிட்டார். எல்லோருக்கும் அரைப்பேர். ஆபீசில் கிளாக்கர் ஐயாவும் நானும் மட்டும் இருந்தோம். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன், கொஞ்சம் நக்கல் பிடித்தவர். அரைப்பேர் போடுவதற்காக அவர்களுடைய பட்டியலைத் திரும்ப எடுத்தோம்.

"தம்பி, இஞ்ச வாரும். உம்மட மெசினில ஒரு ஆள் கூட நிக்குது" என்றார்.

பார்த்தேன். முப்பத்தொன்பது வரி. கடைசி வரியில் பேர் இல்லை, வெறுமை. நம்பர் பூஜ்ஜியம். மலை பதினொன்று. அதற்கு நேரே, அரை.

எனக்கு முகம் சிவந்துவிட்டது, அதுவும் ஐயாவுக்கு முன்னால். என் தப்பாகத்தான் இருக்கும் என்று சி பாகம் எழுதிவைக்கிற குறிப்பைத் திறந்து பார்த்தேன். கொடுத்தது நூற்று ஐம்பத்திரண்டு என்று இருந்தது. சரிதான், முப்பத்தெட்டு நான்குகள். ஸ்கிரிப்டைக் கேட்டால் வாங்கியது நூற்று ஐம்பத்தாறு என்கிறது. நான்கு அதிகம். கொடுத்ததைவிடக் கூடுதலாக எண்ணிக்கை சொல்லிவிட்டால் இப்படி ஆவதுண்டு, ஆனால் அப்போது நினைவகத்தின் அடியில் கிடக்கிற பழைய குப்பையெல்லாம் சேர்ந்து வந்து, பேர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பரும் நம்பர் இடத்தில் கோணல்மாணல் எழுத்தும் நிற்கும். இது அப்படி இல்லை. எது எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே உட்கார்ந்திருந்தது. பதினோராம் நம்பர் மலைக்கு அன்றைக்கு யாரையும் அனுப்பவும் இல்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேர் காலியாக இருந்தால் அந்த வரியைக் காட்டாதே என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினேன். அரை நிமிஷ வேலை. அந்த ஆள் திரையிலிருந்து போய்விட்டது. முப்பத்தெட்டு. இப்போது சரி என்று ஐயாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி படங்குச் சாக்கால் தலையை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஐயா சும்மா இருப்பாரா?

"கங்காணி, உம்மட ஆக்களில ஒருத்தரைத் தம்பி இப்பதான் அழிச்சுப்போட்டார். பேரும் இல்லை, நம்பரும் இல்லை. பதினோராம் நம்பர் மலையில அரைப்பேருக்கு நிண்டவராம்."

கங்காணி சிரிக்கவில்லை.

"பதினொன்னுலயாங்க? யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. மெசின்ர பிழை" என்றார் ஐயா.

"இல்லீங்கய்யா, நம்ம செல்வி காலையில வெறகுக்குப் போறேன்னுச்சு. பதினொன்னுக்கு மேலதாங்க வெறகு கெடக்கு. மழை புடிச்சதும் வந்திருக்கும்னு நெனச்சேன். இருங்க, வீட்டுல பாத்துட்டு வாரேன்."

செல்வி அவருடைய மருமகள். மகன் கொழும்பில் கடையில் வேலை. செல்விக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது, போன வாரம்தான் பேர் வெட்டினார்கள். கங்காணி போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தார், வீட்டில் ஆள் இல்லை. அவர் விசிலை எடுத்து ஊத ஊத லயத்திலிருந்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். நானும் போனேன். போகாமல் அந்த ஆபீசில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

பதினோராம் மலையின் மேல் கானில் அவளைக் கண்டுபிடித்தோம். தண்ணீர் ஓட வெட்டிய கான், அதன் கரை சரிந்து அவளுடைய ஒரு காலை முழங்கால் வரை மூடியிருந்தது. விறகுக்கட்டு அந்தப் பக்கம் கிடந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய், எங்களைக் கண்டதும் வாயை மட்டும் அசைத்தாள். கையாலேயே மண்ணைத் தோண்டினோம். கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கி, ரோட்டுக்கு இறக்கி, கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்கு முன் பெண் பிள்ளை பிறந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று நர்ஸம்மா சொன்னதாகக் கங்காணி வந்து சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருடைய மருமகளைத் திரையிலிருந்து துடைத்த கை அல்லவா அது. ஐயா நக்கல் அடித்திருக்காவிட்டால் நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சோறு தின்றிருப்பேன்.

பிறகு இரண்டு மாதம் அந்தப் புரோகிராமைக் குடைந்தேன். அதே கம்ப்யூட்டர், அதே பட்டியல். மறைக்கச் சொல்லி எழுதிய வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். கொடுத்தது நூற்று ஐம்பத்திரண்டு, வாங்கியதும் நூற்று ஐம்பத்திரண்டு. நூறு தடவை ஓட்டினாலும் அதேதான். என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவருக்குக் காட்டினேன், எங்கேயோ நினைவகம் சிதைந்திருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் வந்து சேர வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் யாராவது கொடுத்திருக்க வேண்டும், அதுதானே விதி. நான் கொடுக்கவில்லை. செல்வியின் வரியாக இருந்தால் அவளுடைய பேரும் நம்பரும் ஃபைலில் இருக்கத்தானே செய்தன, வெட்டிய பேராக இருந்தாலும். பேர் இல்லாமல் ஏன் வர வேண்டும்? இதைத்தான் அப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பேர் வெட்டியவர்களையும் கீழே தனியாகக் காட்டும்படி புரோகிராமை மாற்றிவிட்டேன். இடத்தை அடைக்கிறது என்று ஐயா முணுமுணுத்தார். அடைக்கட்டும் என்றேன்.

இதற்கு நடுவில், பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் கழித்துப் பேர் வைக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, எல்லோரும் வெளியில் பேசிக்கொண்டிருந்த நேரம், செல்வி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். காலில் இன்னும் மாக்கட்டு இருந்தது.

"அண்ணே, ஒன்னு கேக்கவா? அன்னைக்கு மத்தியானம் ஒரு தடவை பெரட்டு வச்சாங்களா?"

"இல்லையேம்மா. காலையில மட்டுந்தான். ஏன்?"

"கான்ல கெடக்கறப்ப எனக்குக் கேட்டுச்சுண்ணே. முத்தம்மா, ராசாத்தி, லெச்சுமின்னு வரிசையா பேர் கூப்பிட்டாங்க. எல்லாப் பேரும் முடிஞ்சு, இன்னும் யாரும் இருக்கீங்களான்னு கேக்கற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. நானும் சத்தம் குடுக்கத்தான் பாத்தேன். கொரலே வரல."

"அப்புறம்?"

"'இருக்கேன்'னு பதில் போச்சுண்ணே. நான் சொல்லல. ரொம்பக் கிட்டக் கேட்டுச்சு. அங்க என்னைத் தவிர ஒரு ஆளும் இல்ல."

மயக்கத்தில் அப்படியெல்லாம் தோன்றும் என்று அவளிடம் சொன்னேன். அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பேர் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது பதுளையில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் பின்னாலிருந்து "மாமா" என்று கூப்பிடுவாள். கூப்பிடுவது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.